ஆரத்துக்கு விட்ட இடம்

கண்ணை மூடிக்கோ, இறுக்கி மூடாத, தூங்குற மாதிரி லேசா, என்று சொன்னதும் முத்தரசி மூடிக்கொண்டாள். மூடிய இமை சின்ன இடம்தான், என் கட்டைவிரல் அகலம்கூட இருக்காது, அதற்குள் மூன்று நிறம் வைக்க வேண்டும், ஒன்று எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று யாருக்கும் தெரியக் கூடாது. இமையைத் தடவுகிறபோது வேறு எந்த நினைப்பும் வராது என்று முன்பெல்லாம் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது வருகிறது. கை தன்பாட்டில் போகிறது, மனசு தன்பாட்டில் போகிறது. இரண்டும் ஒரே உடம்பில்தான் இருக்கின்றனவா என்றிருக்கிறது. வெளியே சாரல். ஆனி மாசம் தென்காசியில் கல்யாணம் வைத்தால் இப்படித்தான், பவுடர் ஒட்டாது, ஒட்டினாலும் நிற்காது. மணமகள் அறை ஏசியில் சத்தம் மட்டும் வருகிறது. கீழே அடுக்களையில் வடை போட ஆரம்பித்துவிட்டார்கள், எண்ணெய் வாடை ஜன்னல் வழியாக ஏறி வந்து என் பிரஷ்களின் மேலெல்லாம் உட்கார்கிறது. நாற்காலிக்குக் கீழே என் பை அதிர்கிறது. பைக்குள் போன். எடுக்க வேண்டாம், எடுக்காமலே தெரியும், கடன் கம்பெனிப் பையன்தான். மேடம் என்பான். கோபப்பட மாட்டான், அதுதான் பயமாக இருக்கிறது. மேடம், ரெண்டு தவணை பவுன்ஸ் ஆகியிருக்கு, இன்னைக்குள்ள ஒண்ணாவது கட்டிருங்க மேடம், இல்லேன்னா நான் ரெஃபரன்ஸ் நம்பருக்குப் பேச வேண்டியிருக்கும், எனக்கு மேல இருக்கிறவங்க கேக்காங்க மேடம். ரெஃபரன்ஸ் என்று நான் கொடுத்த நம்பர் உலகம்மா மதினியுடையது. என் வீட்டுக்காரருடைய அக்கா. முத்தரசியின் அம்மா. இந்தக் கடனே அவர்களுக்காக வாங்கியதுதான். வாங்கினவளுக்குச் சாட்சி, வாங்க வைத்தவள். பை அதிர்ந்து அடங்குகிறது. அத்தை, யாரோ கூப்பிடுதாங்க, என்றாள் முத்தரசி, கண்ணைத் திறக்காமல். யாரும் இல்ல கண்ணு, கம்பெனிக்காரன், நீ ஆடாம இரு.

கம்பெனிக்காரன்தான், பொய் இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் மதினி என் பார்லருக்கு வந்து, வாடிக்கையாளர் உட்காருகிற நாற்காலியிலேயே உட்கார்ந்து அழுதாள். அவள் வீட்டுக்காரருடைய எலெக்ட்ரிக்கல் கடையில் சரக்கு இல்லை, சரக்குக்குப் பணம் இல்லை, பேங்கில் அவர் பேரைச் சொன்னாலே எழுந்து போகச் சொல்கிறார்கள். எதிரே கண்ணாடி, அதனால் அவள் அழுகிற முகம் எனக்கு இரண்டாகத் தெரிந்தது. உன் பேர்ல கடை இருக்கு, வரி எல்லாம் ஒழுங்கா கட்டுத, உனக்குன்னா உடனே தருவான், ஆறு மாசம் செண்பகம், ஆறே மாசம், தவணையை நாங்க கட்டிருதோம். செண்பகவல்லி, சுயதொழில், என்று விண்ணப்பத்தில் எழுதியபோது எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது, அதை மறைப்பானேன். என் வீட்டுக்காரர் சங்கரபாண்டியன் தனியார் பஸ் கம்பெனி ஆபீஸில் கிளார்க், பதினைந்து வருஷமாக. அவருக்கு ஒரு லட்சம் தர யோசிப்பவன் எனக்கு ஐந்து லட்சம் தந்தான். நாலு மாசம் மதினி வீட்டிலிருந்து பணம் வந்தது. ஐந்தாவது மாசம் கடைக்குள் மழைத்தண்ணீர் புகுந்துவிட்டது என்றார்கள், அப்புறம் முத்தரசிக்கு வரன் பார்க்கிறோம் என்றார்கள், அப்புறம் நிச்சயம், அப்புறம் கேட்டதற்கெல்லாம் ஒரே பதில், கல்யாணம் முடியட்டும். கல்யாணம் முடியட்டும் செண்பகம். கல்யாணம் முடியட்டும்டி, நீ வேற நேரங்காலம் தெரியாம. வீட்டுக்காரரும் அதையே சொன்னார். அதுவரைக்கும் தவணையை நான்தான் கட்டிவந்தேன், கடைசி இரண்டு மாசம் முடியவில்லை. கடைசியில் அந்தப் பையனிடம் நானே சொன்னேன், தம்பி, வீட்டுல ஒரு கல்யாணம், முடியட்டும். அவன், வாழ்த்துகள் மேடம், என்றான். சம்பளக்காரிக்கு ஒண்ணாம் தேதி என்று ஒரு நாள் இருக்கிறது. எனக்கு ஒண்ணாம் தேதி கிடையாது, முகூர்த்த நாள்தான். ஆடியில் பட்டினி, மார்கழியில் பட்டினி, நடுவில் வருகிற முகூர்த்தங்களில் ஓடி ஓடி முகம் போட வேண்டும். நாளைக்கு முகூர்த்தம். அம்பாசமுத்திரத்தில் ஒரு டாக்டர் வீட்டுக் கல்யாணம் என்னைக் கூப்பிட்டிருந்தது, இன்றைக்கு வரவேற்பு, நாளைக்குக் காலை, இரண்டு வேளைக்கும் சேர்த்து நல்ல பணம், அந்த ஒரு வேலையிலேயே இரண்டு தவணையும் அடைந்திருக்கும். அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்தேன். நம்ம வீட்டுப் பிள்ளைக்கு நீ போடாம வெளியாளா போடுவான்னு மதினி கேட்டாள். கேட்டாள் என்றா சொல்வது, முடிவாகிவிட்டது என்று சொன்னாள்.

இப்ப மேல பாரு. முத்தரசி கண்ணைத் திறந்து உத்தரத்தைப் பார்க்கிறாள். கீழ் இமையில் கறுப்புக் கோடு. இந்தக் கண்ணை நான் குளிப்பாட்டியிருக்கிறேன். மதினிக்கு இரண்டாவது பிரசவத்தில் உடம்பு சரியில்லாமல் போனபோது முத்தரசி எங்கள் வீட்டில்தான் இருந்தாள், ஒன்றாம் வகுப்பு முழுக்க. ராத்திரி என் சேலை முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு தூங்கும். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதை யாரும் குத்திக்காட்டுவதில்லை, மதினி உள்பட, அவ்வளவு நல்லவர்கள். உங்களுக்குன்னு யாரு இருக்கா, எல்லாம் இவளுக்குத்தானே, என்று பாசமாகத்தான் சொல்வாள். அந்தப் பாசத்துக்குள் ஒரு கணக்கு இருக்கிறது. பிள்ளை இல்லாதவள் சம்பாத்தியத்துக்கு வாசல் கதவு கிடையாது, யாரும் நேரே உள்ளே வரலாம். இல்லை, நான் இப்படி நினைக்கக் கூடாது. இந்தக் குழந்தை முகத்தைக் கையில் வைத்துக்கொண்டு இப்படி நினைக்கிறேனே, இது தோலில் இறங்கிவிடாதா. முத்தரசிமேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. இருக்கிறதா? கன்னத்தில் பஞ்சை வைத்து ஒற்றுகிறேன், மெதுவாகத்தான் ஒற்றுகிறேன். வலிக்குதா கண்ணு? இல்ல அத்தை, சுகமா இருக்கு.

கதவைத் தட்டாமல் மதினி வந்தாள், பின்னாலேயே மாப்பிள்ளையின் அம்மா. திருநெல்வேலிக்காரர்கள், பெட்ரோல் பங்க் வைத்திருக்கிறார்கள். அந்தம்மா பக்கத்தில் வந்து முத்தரசியின் முகத்தைக் குனிந்து பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்து, மேக்கப் போட்ட மாதிரியே தெரியலையே, ஆனா வேற மாதிரி இருக்காளே, என்றார்கள். இந்தத் தொழிலில் இதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. என் சின்ன மகளுக்கு ஆவணியில வச்சிருக்கோம், நீங்க வருவீங்களா, எவ்வளவு வாங்குவீங்க, என்று கேட்டார்கள். நான் வாயைத் திறந்தேன். தொகை நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. மதினி முந்திக்கொண்டு சிரித்தாள். இவகிட்ட போய்க் காசு பேசுதீங்களே சம்பந்தியம்மா, இது என் தம்பி பொண்டாட்டி, நம்ம வீட்டு ஆளு, உங்க மகள்னா எங்க பிள்ளை இல்லையா, சும்மா வந்து போட்டுட்டுப் போவா. அந்தம்மாவுக்கே சங்கடமாக இருந்தது, அது எப்படி, தொழில்னு ஒண்ணு இருக்குல்ல, என்று என்னைப் பார்த்தார்கள். அந்த ஒரு நொடி எனக்காகக் காத்திருந்தது. நான் சிரித்தேன். சிரித்துவிட்டு, வாங்கம்மா, பாத்துக்கலாம், என்றேன். ஏன் சிரித்தேன்? அவர்கள் போன பிறகும் அந்தச் சிரிப்பு என் முகத்திலேயே நின்றது, எதிரே கண்ணாடியில் தெரிந்தது, அடுத்தவர் முகத்தையெல்லாம் திருத்துகிறேன், இதை எதைக்கொண்டு துடைப்பது என்று தெரியவில்லை. வாங்குவேன் மதினி என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும், கூரை இடிந்து விழுந்திருக்குமா. விழுந்திருக்காது. ஆனால் சம்பந்தி முன்னால் மதினியின் முகம் விழுந்திருக்கும். அதை வீட்டுக்காரர் ராத்திரி முழுக்கப் பேசாமலிருந்தே என்மேல் போட்டிருப்பார். அவர் கத்த மாட்டார். சோற்றைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்துவிடுவார். எத்தனை தட்டுகள் அப்படி.

சம்பந்தியம்மாவை அனுப்பிவிட்டு மதினி திரும்ப வந்தாள், கையில் சிவப்பு வெல்வெட் பெட்டி. கழுத்துல வேற எதையும் போட்டுறாத, இடம் விடு, இது மேடையில போடுறதுக்கு, என்றாள். திறந்து காட்டினாள். நான் எதிர்பார்த்தது ஒரு சின்னச் செயின். என் நகைச்சீட்டு முடிந்து நானும் அவரும் போய் வாங்கியது, தாய்மாமன் சீர் என்று தட்டில் வைக்க ஒன்று வேண்டுமே என்று. பெட்டிக்குள் இருந்தது ஆரம். மார்பு வரைக்கும் தொங்கக்கூடிய, மாங்காய் கோர்த்த, நடுவில் லட்சுமி பதக்கம் வைத்த ஆரம். மதினியின் கண் ஈரமாகிவிட்டது. என் தம்பி என்னை விட்டுக்கொடுக்கல பாரு. அந்தச் செயினையும் கொடுத்து, மேல பணம் போட்டு மாத்தி வாங்கியிருக்கான், சம்பளத்துல சேத்து வச்சானாம், உனக்குத் தெரியாமலா இருக்கும், என்று என் தோளைத் தொட்டுவிட்டு, வாசலில் யாரோ கூப்பிட, ஓடினாள். எனக்குத் தெரியாது. எனக்கு அவருடைய சம்பளம் தெரியும். பால், அரிசி, கரண்ட், மாமியாரின் மாத்திரை, அதில் சேர்த்து வைக்க மூலையில் ஒரு நூறு ரூபாய்கூட ஒதுங்காது என்று தெரியும். பிறகு எங்கிருந்து. கூந்தலில் பின் குத்திக்கொண்டிருக்கிறேன். எங்கிருந்து. ஒரு பின், அடுத்த பின். நண்பர்கள் யாராவது? அவருக்கு அப்படி நண்பர்கள் இல்லை. பிறகு அந்தச் சத்தம் ஞாபகம் வந்தது, குழாய்த் தண்ணீர் வாஷ்பேசினில் விழுகிற சத்தம். போன வாரம். ஒரு டீச்சரம்மாவுக்கு நான் தலை அலசிக்கொண்டிருந்தேன், இரண்டு கையிலும் நுரை. அவர் போன் செய்தார். உன் போனுக்கு ஒரு ஓடிபி வரும், சொல்லு. எதுக்குங்க? பேங்குல ஏதோ கேஒய்சி அப்டேட்டாம், சீக்கிரம் சொல்லு, நேரம் போயிரும். முழங்கையால் போனைத் திருப்பி, நுரையோடு நின்று, ஒவ்வொரு எண்ணாகப் படித்தேன். சரி, இன்னொண்ணு வரும், என்றார். அதையும் படித்தேன். டீச்சரம்மா கண்ணை மூடிக்கொண்டே, ஓடிபியை யார்கிட்டயும் சொல்லக் கூடாதும்மா, என்று சிரித்தார்கள். யாரோவா டீச்சர், எங்க வீட்டுக்காரர்தான், என்று நானும் சிரித்தேன். ஆ, அத்தை, குத்திட்டு. ஐயோ கண்ணு, பாக்கல, பாக்கல. பின் முனையில் ஒரு முடி வந்தது. காதுக்குள் ஏதோ அடைத்துக்கொண்ட மாதிரி இருக்கிறது, கீழே மேளக்காரர்கள் சுருதி பார்க்கிறார்கள், அது எங்கோ ஊருக்கு வெளியே கேட்கிறது. ஒரு கடன் போதாதென்று இன்னொன்று. என் வாயாலேயே ஒவ்வொரு எண்ணாகப் படித்துக் கொடுத்து.

அவர் வந்தார். புது வேட்டி, புதுச் சட்டை, நெற்றியில் சந்தனம், இன்றைக்கு இந்த மண்டபத்தில் மாப்பிள்ளைக்கு அடுத்தபடி அவர்தான் பெரிய மனுஷன், தாய்மாமன். ரெடியா, சீர்த்தட்டை எடுக்கணும், எல்லாரும் நிக்காங்க, என்றார். நான் கதவருகே போய் மெல்லக் கேட்டேன், அந்த ஓடிபி எதுக்கு. எந்த ஓடிபி, என்றார். அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே வந்தார். இப்ப எதுக்கு செண்பகம் அதெல்லாம். அக்கா வீட்டுக் கடை லோனே இன்னும் அடையல, இதுவும் என் பேர்லயா, என்றேன். பின்ன என் பேர்ல யாரு தாரா, என்றார். கோபமே இல்லாமல், மழை பெய்கிறது என்பதுபோல. வேற கம்பெனிதான், வட்டி கொஞ்சம் கூட, ஆனா உடனே வந்துட்டு, நம்ம ரெண்டு பேர் அக்கவுண்ட்லதான் விழுந்துது. அக்காவுக்கு அப்பா இல்ல, இத்தனை ஜனத்துக்கு முன்னாடி நூல் மாதிரி ஒரு செயினைப் போட்டுட்டு நான் எப்படித் தலை நிமிந்து நிக்க. எங்கிட்ட கேட்டிருக்கலாமே. கேட்டா நீ மாட்டேன்னு சொல்லியிருப்ப. அவ்வளவு தெளிவாக அவருக்குத் தெரிந்திருக்கிறது. பாத்துக்கலாம், ரெண்டு பேரும் சேந்து அடைப்போம், நீ ரெண்டு கல்யாணம் கூடுதலா எடுத்தா முடிஞ்சுது, என்று என் கையைப் பிடித்தார். அவர் கை சில்லென்று இருந்தது, பயந்தவன் கை. இந்த மனுஷனும் இதற்குள்தான் அடைபட்டிருக்கிறார் என்று ஒரு கணம் தோன்றியது, பாவமாகக்கூட இருந்தது. ஆனால் இருக்கிற ஒரே ஜன்னலில் அவர் ஏறி உட்கார்ந்திருக்கிறார், காற்று எனக்கு வரவில்லை. சிரிச்ச முகமா வா, என்று சொல்லிவிட்டுப் போனார்.

திரும்பினால் முத்தரசி கண்ணாடி வழியாக என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். நான் நினைக்காமல் போனேனே, இந்த அறையில் குரல் எங்கே ஒளியும். அத்தை, எனக்குத் தெரியாது, என்றாள். எங்க கடை லோனே இன்னும் உங்க பேர்லதான் இருக்கா? அம்மா அடைச்சாச்சுன்னு சொன்னா. நான் அவள் நெற்றிச்சுட்டியை நேர் செய்தேன். அவள் கீழ் இமையில் தண்ணீர் ஏறுகிறது, கறுப்புக் கோட்டைத் தொடப் போகிறது. அழாத. அழுதா முதல்ல இருந்து போடணும், நேரம் இல்ல, மேல பாரு. நான் இந்த ஆரம் வேண்டாம்னு சொல்லிருதேன் அத்தை. சொல்லி? யாருகிட்ட சொல்லுவ, மாப்பிள்ளை வீட்டுக்காரங்க முன்னாடியா? மேல பாருன்னு சொன்னேன். என் குரல் எனக்கே கடுமையாகக் கேட்டது. ஆனால் கை மெல்லிய காகிதத்தின் முனையால் அந்தத் துளியைச் சரியாக உறிஞ்சி எடுத்தது, கோடு கலையவில்லை. முகம் முடிந்தது. நன்றாக வந்திருந்தது, சந்தேகமே இல்லை. கழுத்தில் மட்டும் ஒன்றும் இல்லை. கழுத்திலிருந்து பட்டு தொடங்குகிற இடம் வரை வெறும் தோல், நான் விட்டு வைத்த இடம்.

மேடையில் அவ்வளவு வெளிச்சம். கீழே நாற்காலி நாற்காலியாக முகங்கள், முன்வரிசையில் சம்பந்தியம்மா. தாய்மாமன் திரு. சங்கரபாண்டியன் அவர்களும் அத்தை அவர்களும் மணமகளுக்கு ஆரம் அணிவிக்கிறார்கள் என்று மைக்கில் சொன்னார்கள். அத்தைக்குப் பேர் சொல்லவில்லை. மதினி பெட்டியைத் திறந்து நீட்டினாள், வீடியோக்காரர், மேடம் நீங்க எடுங்க, நீங்க கழுத்துல மாட்டுங்க, சார் பக்கத்துல நின்னா போதும், என்றார். எடுத்தேன். கனம் உள்ளங்கையில் இறங்கியது. எத்தனை கல்யாணம் இது, எத்தனை இமை, எத்தனை விடியற்காலை, வேண்டாம், எண்ணாதே. மதினி என் இடுப்புக்குப் பின்னால் கை வைத்து, சிரிட்டி, என்றாள் காதோரம். முத்தரசி குனிந்து கழுத்தைக் காட்டினாள், குனிந்தபடியே கண்ணை மட்டும் உயர்த்தி என்னைப் பார்த்தாள், அவளுக்கும் போக இடமில்லை. என் இரண்டு கையும் ஆரத்தோடு பாதி தூரம் போயின. அங்கேயே நின்றன. பிறகு திரும்பி, அவர் கையில் வைத்தேன். நீங்க வாங்கினது, நீங்களே போடுங்க, என்றேன். மைக் பக்கத்தில் இருந்தது, மண்டபம் முழுக்கக் கேட்டிருக்கும். சாதாரணப் பேச்சுதான், யாருக்கும் ஒன்றும் புரிந்திருக்காது, முன்வரிசையில் யாரோ கைகூடத் தட்டினார்கள். அவருக்குப் புரிந்தது. மதினிக்கும் புரிந்தது, இடுப்பிலிருந்த கை விலகியது. நான் மேடையின் பக்கப் படியில் இறங்கினேன். மேடம், ஃப்ரேமுக்குள்ள வாங்க மேடம், என்றார் வீடியோக்காரர். போகவில்லை. இறங்கி நேரே முன்வரிசைக்குப் போய் சம்பந்தியம்மா பக்கத்தில் குனிந்து, ஆவணி கல்யாணத்துக்கு நான் வாரேம்மா, ஆனா சும்மா வரமாட்டேன், என் ரேட்டு இது, என்று சொன்னேன். தொகையைக் குறைத்துச் சொல்லவில்லை. அந்தம்மா என்னையும் மேடையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, உங்க நம்பரைக் கொடுத்துட்டுப் போங்க, என்றார்கள். கடன் இரண்டும் என் பேரில்தான். விடிந்தால் இதே முகத்துக்கு முகூர்த்த மேக்கப் நான்தான் போட வேண்டும். ராத்திரி வீட்டில் ஒரு தட்டு தள்ளி வைக்கப்படும், இல்லை, இனிமேல் எத்தனையோ தட்டு. எனக்கு அதெல்லாம் தெரிகிறது. மேடையில் அவர் முத்தரசியின் பின்னால் நின்று கொக்கியை மாட்டப் பார்க்கிறார், மாட்ட வரவில்லை, கேமரா காத்திருக்கிறது, மேளம் காத்திருக்கிறது, விரல்கள் வழுக்குகின்றன. அந்த மாதிரிக் கொக்கியைக் கொஞ்சம் அழுத்தித் திருப்பினால் மாட்டிக்கொள்ளும். அவர் கூட்டத்துக்குள் என்னைத் தேடி, எப்படி என்று கண்ணால் கேட்டார். நான் ஈரக் காற்று வருகிற வாசல் பக்கமாக நின்றுகொண்டு, அவரையே பார்த்தபடி, பேசாமல் இருந்தேன்.